எடையிலிருந்து வயதைக் கழித்தால்…

மாதவிடாய் நின்றுபோன ஒரு பெண்ணின் எடையைக் கிலோவில் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து அவருடைய வயதைக் கழியுங்கள். வருகிற எண்ணை ஐந்தால் வகுத்துப் பின்னத்தை விட்டுவிடுங்கள். விடை மைனஸ் நான்குக்கும் கீழே போனால் அவருடைய எலும்புகளைத் தாமதிக்காமல் டாக்டர் பார்க்க வேண்டும். மைனஸ் ஒன்றிலிருந்து மைனஸ் நான்குவரை இருந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. அதற்கு மேலே இருந்தால் இப்போதைக்குக் கவலை குறைவு.

68 வயது, 43 கிலோ. கழித்தால் மைனஸ் 25, வகுத்தால் மைனஸ் 5. இந்த அம்மா ஆபத்தான பக்கத்தில் நிற்கிறார். 60 வயது, 50 கிலோ என்றால் மைனஸ் 2, நடுத்தரம். 55 வயதில் 64 கிலோ இருப்பவருக்கு விடை பூஜ்ஜியத்துக்கு மேலே வந்துவிடும். ஒரு எடை மெஷினும், ஒரு பேனாவும், ஐந்தாம் வகுப்புக் கணக்கும் போதும்.

இதற்கு ஓஸ்டா என்று பெயர். ஆசியப் பெண்களுக்கென்றே 2001-இல் உருவானது. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ், சீனா, கொரியா, தைவான், ஹாங்காங் என எட்டு இடங்களில், மாதவிடாய் நின்ற 860 பெண்களுக்கு எலும்பு அடர்த்தியை அளந்தார்கள். அவர்களுடைய உடல்நிலை, பழக்கவழக்கம், பழைய எலும்பு முறிவுகள் என்று பல விவரங்களையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். எலும்பின் நிலையை இவற்றில் எது சொல்கிறது என்று சலித்துப் பார்த்தபோது கடைசியில் மிஞ்சியவை இரண்டே: வயது, எடை. மைனஸ் நான்குக்குக் கீழே இருந்த பெண்களில் 61 சதவீதம் பேருக்கு எலும்பு மெலிந்துபோகும் எலும்புப்புரை நோய் இருந்தது. நடுத்தரக் குழுவில் 15 சதவீதம். பாதுகாப்பான பக்கத்தில் 3 சதவீதம்தான்.

எலும்புப்புரை உள்ள நூறு பெண்களில் 91 பேரை இந்தச் சின்னக் கணக்கு பிடித்துக் கொடுத்தது. நோய் இல்லாதவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களை "எதற்கும் பார்த்துவிடுங்கள்" என்று சேர்த்து அனுப்பியது. ஆகவே இது ஒரு சல்லடை. நோயைத் தீர்மானிக்கும் வேலை இதனுடையதல்ல. யாருக்கு ஸ்கேன் வேண்டும், யாருக்கு இப்போது வேண்டாம் என்று பிரித்துத் தருவதோடு இதன் கடமை முடிகிறது. இப்படிப் பிரித்தெடுப்பதுதான் நம் ஊரில் நடக்கவே இல்லை.

வலிக்காத நோய்

மூட்டு தேய்ந்தால் வலிக்கிறது. படியேறும்போது வலிக்கிறது, உட்கார்ந்து எழும்போது வலிக்கிறது, அதனால் டாக்டரிடம் போகிறோம். எலும்புப்புரைக்கு அந்தக் குரல் இல்லை. எலும்புக்குள் இருக்கும் வலைப்பின்னல் ஆண்டுக்கணக்கில் மெலிந்துகொண்டே போனாலும் ஓர் எலும்பு உடைகிறவரை உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காது. உடைந்தாலும்கூடச் சொல்லாமல் இருப்பது உண்டு. முதுகெலும்பில் ஏற்படும் முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு மருத்துவர் கண்ணுக்கு வருவதே இல்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது, பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒரு குலுக்கலில், முதுகில் "சுளுக்கு" என்று நினைத்தது உண்மையில் ஒரு முள்ளெலும்பு நசுங்கியதாக இருக்கலாம். தைலம் தேய்த்து, இரண்டு வாரம் பொறுத்து, வலி அடங்கியதும் மறந்துவிடுகிறார்கள்.

பெண்களுக்கு ஏன் அதிகம்? எலும்பு என்பது இடித்துக் கட்டும் வேலை ஓயாமல் நடக்கும் இடம். பழையதை அரித்தெடுக்கும் செல்கள் ஒரு பக்கம், புதிதாகக் கட்டும் செல்கள் ஒரு பக்கம். முப்பது வயதுவாக்கில் எலும்பு தன் உச்ச வலுவை அடைகிறது. அரிக்கும் செல்களைக் கட்டுக்குள் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன். மாதவிடாய் நின்றதும் அந்தக் கடிவாளம் அறுகிறது. முதல் ஐந்து, ஏழு ஆண்டுகளில் எலும்பு அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்குவரை கரைந்துபோகலாம். மேலைநாட்டுப் பெண்களுக்கு 51 வயதை ஒட்டி வரும் இந்த நிலை, இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47-லேயே வந்துவிடுகிறது. நாற்பது வயதுக்குள் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டவர்களுக்கு இழப்பு அன்றிலிருந்தே தொடங்கிவிடும். நம் கிராமங்களில் அப்படிப்பட்டவர்கள் கொஞ்சநஞ்சமில்லை.

எடைக்கு இதில் என்ன வேலை? சுமை தாங்குகிற எலும்பு வலுவாகிறது. உடல் எடையே ஒரு சுமைதான். தசை கூடியவருக்கு அந்தத் தசை எலும்பை இழுத்து இழுத்து உறுதிப்படுத்துகிறது. மாதவிடாய் நின்ற பிறகு உடலில் ஈஸ்ட்ரோஜன் சிறிதளவாவது ஊறுகிற முக்கியமான இடம் கொழுப்புத் திசு. ஒல்லியான மூதாட்டிக்கு இந்த மூன்றுமே குறைவு. 'மெலிந்த உடம்பு, நோய் அண்டாது' என்று நாம் பாராட்டுகிற பாட்டிகளைத்தான் இந்த நோய் முதலில் அண்டுகிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அந்த வட்டாரத்துப் புறநகர்ப் பகுதியில், நன்றாக நடமாடிக்கொண்டிருந்த, ஐம்பது வயதைக் கடந்த 150 பெண்களைப் பரிசோதித்து 2008-இல் ஆய்வை வெளியிட்டார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் அல்ல. தாமாக நடந்து வந்தவர்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு முதுகெலும்பிலோ இடுப்பிலோ எலும்புப்புரை இருந்தது. இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் பாதிப் பேருக்கு வைட்டமின் டி போதவில்லை. உடல் பருமன் குறையக் குறைய எலும்பு அடர்த்தியும் குறைந்திருந்ததை அவர்களும் கண்டார்கள். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் சிறிய உருவம் கொண்டவர்களின் எலும்பைக் கொஞ்சம் குறைத்தே காட்டும் என்பதால் இந்த விகிதத்தைச் சற்றுத் தள்ளிக்கூட வாசிக்கலாம். எவ்வளவு தள்ளினாலும் சின்ன எண்ணாகிவிடாது.

டெக்ஸா எல்லோருக்கும் எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்தபடி, டெக்ஸா தரும் டி ஸ்கோர் என்ற அடர்த்தி மதிப்பெண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை. அந்த மெஷின் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கிறது. தனியாரிடம் போனால் சில ஆயிரம் ரூபாய். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பெண், வலியே இல்லாத ஒரு நோய்க்காகக் கூலியை விட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, பஸ் ஏறி நகரத்துக்குப் போக மாட்டார். போகச் சொல்ல வேண்டுமானால், "உங்களுக்குத்தான் இது அவசியம்" என்று காட்ட ஏதாவது ஒரு காரணம் கையில் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தை எடை மெஷின் தரும்.

சுவரும் விரல்களும்

எடைக்கு அடுத்து உயரம். உயரத்தை அளப்பதைவிட, உயரம் குறைந்ததை அளப்பது முக்கியம். முள்ளெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக முன்பக்கம் நசுங்க நசுங்க ஆள் குள்ளமாகிறார். இளமையில் இருந்த உயரத்திலிருந்து நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தாலோ, மருத்துவமனையில் முன்பு அளந்து எழுதியதிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தாலோ முதுகெலும்பைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டிகளின் பரிந்துரை.

இதில் ஒரு சிக்கல். இருபத்தைந்து வயதில் தன் உயரம் எவ்வளவு என்று நம் அம்மாக்களில் யாருக்குத் தெரியும்? யாரும் அளந்ததில்லை. அதனால் வேறு தடயங்களைத் தேட வேண்டியிருக்கிறது. கல்யாண போட்டோவில் கணவரின் காதுவரை இருந்தவர் இன்று தோளுக்குக் கீழே நிற்கிறாரா? பழைய உள்பாவாடை இப்போது தரையில் இழுபடுகிறதா? அலமாரியின் மேல்தட்டு எட்டவில்லையா? இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி விரல்நுனிக்கு விரல்நுனி டேப்பில் அளந்தால் வருகிற நீளம், இளமையில் இருந்த உயரத்துக்கு ஏறக்குறைய சமம். கை எலும்புகள் முதுகைப் போல நசுங்குவதில்லை. கைநீளம் உயரத்தைவிட நிறைய அதிகமாக இருந்தால் யோசிக்க வேண்டும். துல்லியமான அளவு இல்லைதான், துப்புக் கொடுக்கப் போதும்.

2004-இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில், உடலைப் பார்த்தும் தொட்டுமே எலும்புப்புரையை ஊகிக்க முடியுமா என்று அதுவரை வந்த ஆய்வுகளை அலசி ஒரு கட்டுரை வந்தது. அதில் தேறிய சோதனைகளைப் படிக்கும்போது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. ஒன்றுக்கும் மின்சாரம்கூட வேண்டாம்.

முதலாவது, சுவர். செருப்பைக் கழற்றி, குதிகாலும் முதுகும் சுவரில் பட நேராக நிற்க வேண்டும். முகவாயைத் தூக்காமல், எதிரே பார்த்தபடி. பின்மண்டை சுவரைத் தொட வேண்டும். தொடாமல் இடைவெளி விழுந்தால், மேல்முதுகில் தெரியாத முறிவு இருக்க வாய்ப்பு அதிகம். நம் பெண்களுக்கு இதைச் செய்யும்போது கொண்டையை அவிழ்த்துவிட்டுத்தான் நிற்க வைக்க வேண்டும், பூவையும் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கூனே இல்லாதவருக்கும் இடைவெளி விழும், கூன் உள்ளவருக்குக் கொண்டை சுவரில் பட்டு இடைவெளி மறைந்தும் போகும்.

இரண்டாவது, விரல்கள். நிற்கிறவரின் பின்னால் நின்று, பக்கவாட்டில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் விரல்களை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு விரற்கடைக்கும் குறைவான இடைவெளி என்றால் முதுகு இறங்கிவிட்டது என்று பொருள். சேலை கட்டிய இடுப்பில் இதைப் பார்ப்பது பேண்ட் போட்டவரிடம் பார்ப்பதைவிட எளிது.

மூன்றாவது, பற்கள். இருபதுக்கும் குறைவாக இருந்தால் அதுவும் ஓர் அடையாளம். வெற்றிலைப் பாக்கும் ஈறு நோயும் சேர்ந்து நாற்பதிலேயே பல்லைப் பறித்துவிடும் நம் கிராமங்களில் இதை நான் பெரிதாக நம்ப மாட்டேன்.

அதே கட்டுரையில் எடைக்கும் ஓர் எல்லை உண்டு. 51 கிலோவுக்குக் கீழே இருந்தால் எலும்புப்புரைக்கான வாய்ப்பு பல மடங்கு. அமெரிக்காவில் 51 கிலோவுக்குக் கீழே உள்ள மூதாட்டியைத் தேடிப் பிடிக்க வேண்டும். தருமபுரியிலோ ராமநாதபுரத்திலோ அது சாதாரண உடம்பு. அந்த எல்லையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஊரில் பெரும்பாலோரையும் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். வயதையும் சேர்த்துக் கணக்கிடும் ஓஸ்டா இங்கே அதைவிடப் பொருந்தும் என்பதற்கு இதுவே காரணம். ஆனால் ஓஸ்டாவை உருவாக்கிய எட்டு இடங்களின் பட்டியலிலும் இந்தியா இல்லை என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அண்ணா இறந்த வருஷம்

எடையில் ஒரு கிலோ முன்பின் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகிவிடாது. சேலையோடு நிறுத்தாலும் பரவாயில்லை. ஐந்து கிலோவுக்கு ஒரு எண்தான் விடை மாறும்; எல்லையை ஒட்டி நிற்பவரை மட்டும் கவனமாக நிறுக்க வேண்டும். உயரம் அப்படியல்ல. இரண்டு சென்டிமீட்டருக்குள் முடிவு மாறுகிற இடத்தில், காலையில் அளந்ததற்கும் மாலையில் அளந்ததற்குமே ஒரு சென்டிமீட்டர்வரை வேறுபடும். நாள் முழுக்க நின்று வேலை செய்யும்போது முதுகெலும்புத் தட்டுகள் அமுங்கிவிடுகின்றன. ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், ஒரே அளவுகோலில், செருப்பில்லாமல், இரண்டு தடவை அளக்க வேண்டும்.

உண்மையான தலைவலி வயதில் இருக்கிறது. ஆதார் அட்டையில் 62 என்று இருக்கும். ஆளைப் பார்த்தால் நம்ப முடியாது. அனுபவமுள்ள கிராம சுகாதாரச் செவிலியருக்கு இது புதிதல்ல.

"பாட்டி, அண்ணா செத்தப்போ உங்களுக்கு எத்தன வயசு இருக்கும்?"

"அந்த வருசந்தானம்மா நான் வயசுக்கு வந்தேன்."

1969-இல் பதின்மூன்று, பதினான்கு வயது. அப்படியானால் இன்று எழுபதைத் தொட்டிருப்பார். எடை 44 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆதார் வயதைப் போட்டால் விடை மைனஸ் 3, நடுத்தரம். உண்மை வயதைப் போட்டால் மைனஸ் 5, உடனே அனுப்ப வேண்டியவர். தனுஷ்கோடி புயல், எம்.ஜி.ஆர். சுடப்பட்டது, மூத்த பிள்ளை பிறந்த வருஷம் என்று கேட்டுக் கேட்டு வயதைக் கண்டுபிடிக்கும் அந்தத் திறமையை எந்த ஆப்பாலும் ஈடுசெய்ய முடியாது.

டேப்பில் சிக்காதவர்கள்

இந்த அளவுகளில் தப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசாமல் ஓஸ்டாவைப் பரிந்துரைப்பது தவறு.

எடை கூடியவருக்கு எலும்பு உடையாது என்று அர்த்தமில்லை. பல நாடுகளில் நடந்த க்ளோ என்ற பெரிய ஆய்வு 2011-இல் அதைத் தெளிவாகக் காட்டியது: பருமனான பெண்களுக்குக் கணுக்காலும் மேல்தொடையும் உடைவது கூடுதலாகவே இருந்தது. சர்க்கரை நோய் இன்னும் மோசமாக ஏமாற்றும். இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவருக்கு ஸ்கேனில் அடர்த்தி நன்றாகவே தெரியும், எடையும் இருக்கும், ஓஸ்டா "கவலை இல்லை" என்று சொல்லும். ஆனால் அதே அடர்த்தியுள்ள மற்றவரைவிட அவருக்கு இடுப்பெலும்பு முறியும் ஆபத்து அதிகம். எலும்பின் அளவு குறையாமல் தரம் கெட்டிருக்கிறது. பாதம் மரத்து, கண் மங்கி, விழுவதும் அதிகம். வீட்டுக்கு வீடு சர்க்கரை நோயாளி இருக்கும் தமிழ்நாட்டில் இதை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். ஆஸ்துமாவுக்கும் முடக்குவாதத்துக்கும் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள், சினைப்பை எடுத்தவர்கள், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பெலும்பு முறிந்தவர்கள் ஆகியோரையும் எடை மட்டும் பார்த்து விட்டுவிடக் கூடாது. ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட ஃப்ராக்ஸ் கணிப்பான் இந்தக் கேள்விகளையெல்லாம் எடை, உயரத்தோடு சேர்த்துக் கேட்கிறது. மருத்துவர் கையில் அது இருக்கட்டும், வாசலில் ஓஸ்டா போதும்.

மருந்துக் கடை வாசலில் ஷாமியானா போட்டு நடக்கும் இலவச எலும்புப் பரிசோதனை முகாம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே வைப்பது குதிகாலை அளக்கும் அல்ட்ராசவுண்ட் கருவி. அது தருகிற சீட்டிலும் டி ஸ்கோர் என்றுதான் அச்சாகி வரும். மைனஸ் 2.5 என்ற எல்லை டெக்ஸாவுக்கு வகுக்கப்பட்டது. குதிகால் சீட்டைப் பார்த்து நோய் என்று முடிவு கட்டுவதோ, அங்கேயே விற்கிற கால்சியம் டப்பாவை வாங்கிவந்து "எல்லாம் சரியாகிவிடும்" என்று இருந்துவிடுவதோ, இரண்டுமே தவறு.

இன்னொரு கூட்டத்துக்கு ஓஸ்டா கணக்கே தேவையில்லை. ஐம்பது வயதைக் கடந்த பெண், பாத்ரூமில் வழுக்கி, நின்ற உயரத்திலிருந்து விழுந்து, கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்தால், அவர் சல்லடையைத் தாண்டிவிட்டவர். அவருடைய எலும்பு தன் நிலையைச் சொல்லிவிட்டது. மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரத்தில் பிரித்து, "கையை நல்லா ஆட்டுங்கம்மா" என்று அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த முறிவு இடுப்பில் வரலாம். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். பிழைத்தவர்களிலும் பலர் பழைய நடையைத் திரும்பப் பெறுவதில்லை.

கண்டுபிடித்து என்ன செய்வது?

தேடிக் கண்டுபிடிப்பதால் பலன் உண்டா என்ற கேள்விக்கு இங்கிலாந்தில் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. 70 முதல் 85 வயதுவரையுள்ள 12,483 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் ஃப்ராக்ஸ் கணக்குப் போட்டு, ஆபத்துள்ளவர்களை ஸ்கேனுக்கு அனுப்பி, தேவைப்பட்டவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது எல்லா வகை முறிவுகளையும் சேர்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இடுப்பெலும்பு முறிவு மட்டும் 28 சதவீதம் குறைந்திருந்தது. உயிரைக் கொண்டுபோகிற முறிவு அதுதான் என்பதால் இது சின்ன வெற்றியில்லை. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 65 வயதைக் கடந்த எல்லாப் பெண்களுக்கும் ஸ்கேன் பரிந்துரைக்கிறது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு, மாதவிடாய் நின்றிருந்து ஆபத்துக் காரணம் ஏதாவது இருந்தால், முதலில் இதுபோன்ற எளிய கணக்கைப் போட்டு, அதன் பிறகு ஸ்கேன் என்கிறது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். இயன்முறை சிகிச்சையாளரும் வருகிறார். வாசல்வரை போய்ச் சேர்ந்துவிட்ட அந்தக் கைகளில் ஓர் எடை மெஷினும் ஒரு டேப்பும் கூடுதலாக இருந்தால் போதும். அவர்களுடைய பதிவேட்டில் மூன்று கட்டங்கள் சேர வேண்டும்: எடை, உயரம், சுவர் இடைவெளி. ஐம்பது வயதைக் கடந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை. மைனஸ் நான்குக்குக் கீழே போனவர்களை மாவட்டத்துக்கு ஒரு டெக்ஸா மெஷின் என்று ஏற்பாடு செய்து, கிழமை குறித்து, வண்டி வைத்து அங்கே அழைத்துப் போக முடியும். அரசு இதைச் செய்ய வேண்டும் என்று நான் உரத்துக் கேட்கிறேன். உயரத்தை இன்று எழுதி வைத்தால்தான் ஐந்து வருஷம் கழித்து இரண்டு சென்டிமீட்டர் குறைந்ததை யாராவது கண்டுபிடிப்பார்கள்.

மருந்தும் எட்டாத விலையில் இல்லை. அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை வாரத்துக்கு ஒன்று. வேண்டுமானால் ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலமும் உண்டு. தொடங்கும் முன் சிறுநீரகம், வைட்டமின் டி, பற்கள் ஆகியவற்றை மருத்துவர் பார்த்துவிடுவார். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கிடைக்கும். கூழும் களியும் மோரும் கீரையும் உள்ள வீட்டில் பாதி வேலை அடுப்பங்கரையிலேயே முடியும். மாத்திரையில்தான் கவனம் வேண்டும். காலையில் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். காபியோடு விழுங்கினால் மருந்து உடலில் சரியாகச் சேராது. விழுங்கியபின் அரை மணி நேரம் படுக்கக் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கும். கால்சியம் மாத்திரையை அந்த நேரத்தில் சேர்க்காமல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க வேண்டும். எழுந்ததும் காபி கேட்கும் பாட்டிகளுக்கு, வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும் காபி அரை மணி நேரம் கழித்துத்தான் என்று வீட்டில் இருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவைத்துவிட வேண்டும்.